சாவியைக் கொடுக்குமுன் யோசியுங்கள்!

“இது என்ன பிரமாதம்? கார் ஓட்டத் தெரிஞ்சா ஃபோர்க்லிஃப்டும் ஓட்டிடலாம்!”

கம்பெனியில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளையோ தம்பியோ இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டிரைவர் அன்று லீவாக இருக்கும். வாசலில் லாரி காத்திருக்கும். “இந்த ஒரு லோடை மட்டும் இறக்கிடுப்பா” என்று பக்கத்தில் நிற்கும் பையனிடம் சாவியைக் கொடுப்பார் சூப்பர்வைசர். ஆபத்து ஆரம்பிப்பது அங்கேதான்!

கார் வேறு, இது வேறு. காரில் திரும்புவது முன்சக்கரம், இதில் பின்சக்கரம். வண்டியை வளைக்கும்போது அதன் பின்பக்கம் ‘சட்’டென்று வெளியே வீசும். அருகில் நிற்பவர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். இரண்டரை டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே மூன்றரை டன்னுக்குக் குறையாது. மோதினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுமையை உயரத் தூக்கியபடியே வளைத்தால் வண்டி பக்கவாட்டில் கவிழும். அந்த நேரத்தில் குதிக்கத்தான் மனசு சொல்லும். ஆனால், குதித்தவர் மேலேயே வண்டியின் மேல்கூரைச் சட்டம் விழுந்து நசுக்கிவிடும். சீட்டில் உட்கார்ந்து ஓட்டும் வண்டியானால், பெல்ட்டோடு அப்படியே இருந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய வேண்டும். இதெல்லாம் பயிற்சி இல்லாமல் தானாக வந்துவிடுமா, சொல்லுங்கள்!

அடுத்தது உடம்பு. இந்த வண்டியின் குலுக்கல் நாள் முழுக்க முதுகெலும்பில்தான் இறங்குகிறது. திரும்பித் திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பதில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. டீசல், கேஸ் வண்டியைக் காற்றோட்டமில்லாத கோடவுனில் ஓட்டினால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு தலைவலி, மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஜலதோஷ மாத்திரைகள் சில தூக்கத்தை வரவழைக்கும். டபுள் ஷிஃப்ட் பார்த்த கண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விபத்து நடந்தால், ‘டிரைவரின் கவனக்குறைவு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான் என்பேன். பயிற்சி தராமல் சாவியைக் கொடுத்தது யார்? ஆள் நடக்கவும் வண்டி ஓடவும் ஒரே பாதையை விட்டது யார்? தூங்கவிடாமல் அடுத்த ஷிஃப்டுக்கு நிறுத்தியது யார்? வண்டி நகர்வதற்கு முன்பே பாதி விபத்து நடந்துவிடுகிறது!

உங்கள் வீட்டில் மேனேஜரோ, கோடவுன் முதலாளியோ இருந்தால், இன்றிரவு சாப்பாடு போடும்போது கேளுங்கள்: “ஏங்க, பயிற்சி எடுத்தவங்க மட்டும்தானே அந்த வண்டியைத் தொடறாங்க?” ஓட்டுகிறவரே உங்கள் பிள்ளை என்றால், “கத்துக்காம சாவியை வாங்காதேப்பா. தூக்கம் வந்தா வாய்விட்டுச் சொல்லிடு” என்று சொல்லி அனுப்புங்கள்.

லாரி இன்னும் அரை மணி நேரம் காத்திருக்கட்டும். வீட்டில் காத்திருப்பவர்களை விடவா அது முக்கியம்?