மாண்ட இடமா, மாண்ட காரணமா?

யுத்தத்தில் மாண்ட வீரனின் குடும்பத்துக்கு அமெரிக்க சனாதிபதி அனுதாபக் கடிதம் எழுதுவது அந்நாட்டின் நெடுநாள் வழமை. போரின் கொடுமையால் மனமுடைந்து தன்னுயிரை மாய்த்துக்கொண்டவன் வீட்டுக்கோ அக்கடிதம் போவதில்லை. 2011 யூலையிலேதான் ஒபாமா இவ்வழமையை மாற்றினார். அவர்கள் பலவீனத்தால் இறந்தவரல்லர் என்று அவர் அன்று கூறியதை நாம் முழுமனதுடன் ஏற்கிறோம்.

ஆயினும், அம்மாற்றத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. யுத்த வலயத்தில் நிற்கையில் தன்னுயிர் மாய்த்தவனுக்கே கடிதம். ஈராக்கிலிருந்தோ ஆப்கானிஸ்தானத்திலிருந்தோ மீண்டு, உறக்கமின்றித் தவித்து, சொந்த வீட்டில் மாண்டவனுக்கு இல்லை என்றனர். இஃதென்ன நியாயம்? வயலிற் பாம்பு தீண்டி வீட்டில் வந்து உயிர்விட்டவனின் சாவுக்கும் வயலுக்கும் சம்பந்தமில்லையென்று எந்த மரண விசாரணை அதிகாரியாவது எழுதுவாரா? காரணத்தைக் கேட்பது சட்டம். இடத்தை மட்டும் கேட்பது கந்தோர்க் கணக்கு. சட்டம் பயின்ற எமக்கு அது விளங்கவில்லை.

கனடா இவ்விடயத்தில் முன்னே சென்றுள்ளது. ஆப்கானிஸ்தானத்தில் பணியாற்றி, தாயகம் திரும்பிய பின் 2004 இல் தன்னுயிர் மாய்த்த ஒரு வீரனின் அன்னையே, 2018 நவம்பர் 11 இல், இராணுவ சேவையிற் பிள்ளைகளை இழந்த தாய்மார் அனைவரின் சார்பிலும் ஒட்டாவா நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தார். மகன் மாண்டு அப்பொழுது பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.