நூல் முகம்: அலமாரியில் ஒரு தட்டு

“பையனுக்கு எட்டு வயதாகிறது. வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுகிறான். பள்ளியில் படிப்பதோ ஹிந்தியும் இங்கிலீஷும். அவனுக்கு வாங்கித் தரத்தக்க தமிழ்ப் புத்தகங்கள் எவை?” கிட்வாய் நகரிலும் அதைச் சுற்றிய குடியிருப்புகளிலும் வாழும் தமிழன்பர்கள் இப்பகுதிக்கு அனுப்பும் கேள்விகளில் அடிக்கடி வருவது இதுவே. நல்ல கேள்விதான். ஆயினும் அதைச் சற்றே மாற்றிக் கேட்டால் இன்னும் நல்ல விடை கிடைக்கும். “பையனுக்கு என்ன வாங்கலாம்?” என்பதைக் காட்டிலும், “நம் வீட்டுக்கு என்ன வாங்கலாம்?” என்று கேட்பதே பயன் தரும்.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் தில்லியில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழெழுத்து ஒரு தேவையாக இருந்தது. ஊரிலிருந்து பாட்டி எழுதும் இன்லண்டு கடிதத்தை வாசிக்க வேண்டும். அப்பா எழுதும் பதிலின் அடியில் “நமஸ்காரம்” என்று இரண்டு வரியேனும் சேர்க்க வேண்டும். இன்றோ பாட்டி கைப்பேசியில் முகத்தைக் காட்டியே பேசுகிறாள். அது மகிழ வேண்டிய விஷயமே. ஆனால் தமிழெழுத்தைக் கட்டாயமாக்கிய கடைசித் தேவையும் அதனோடு போய்விட்டது. கடைப் பலகையைப் படிக்கவோ, பஸ் ஏறவோ, பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுதவோ இவ்வூரில் தமிழெழுத்து வேண்டியதில்லை. தேவை நீங்கிய இடத்தில் ஆசை ஒன்றே மிஞ்சி நிற்கிறது. தமிழெழுத்துக்குள் வேறெங்கும் கிடைக்காத சுவை ஒன்று இருப்பதைக் குழந்தை தானே கண்டுகொண்டாலன்றி, நம் வீட்டுத் தமிழ் இந்தத் தலைமுறையோடு வெறும் பேச்சாக நின்றுவிடும்.

ஆசை உபதேசத்தால் வருவதில்லை. பிறந்த நாளன்று ஆத்திசூடியும் திருக்குறள் கதைகளும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே அப்பா கைப்பேசியில் ஆழ்ந்துவிட்டால், அப்புத்தகங்கள் குழந்தைக்கு மருந்துப் புட்டிகளாகவே தோன்றும். வீடு மாறும் நாளில் அவை புத்தம் புதிதாகக் கபாடிவாலாவின் தராசில் ஏறும். பெரியவர்கள் தம் இன்பத்துக்காகத் தமிழ் படிப்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும். ஆகவே, சிறியவர் புத்தகம், பெரியவர் புத்தகம் என்று பிரிக்காமல், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரியில் ஒரே ஒரு தட்டை ஒதுக்குங்கள். பத்துப் புத்தகங்கள் போதும். நம் யோசனை வருமாறு.

முதலில், யாரும் எதிர்பாராத ஒன்று: எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951-இல் முதற் பாகம் வெளிவந்த இந்நூல், மணமாகி வெளியூர் வந்த பெண்கள் பலருக்கு அம்மாவின் இடத்தில் நின்று உதவியது. இதைப் படிக்கும் நூலாக நாம் எண்ணுவதில்லை. ஆயினும், படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் அரிது. செய்முறை ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. படித்ததன் பலன் அரைமணியில் தட்டுக்கு வருகிறது. ஐ.என்.ஏ. சந்தையில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமையில், பிள்ளை வாசிக்கட்டும். அப்பாவோ அம்மாவோ செய்யட்டும். ஆழாக்கு என்றால் என்ன என்று அவன் கேட்பான். பாட்டிக்கு ஒரு கைப்பேசி அழைப்பு போகும். அதுவும் நன்மையே.

இரண்டாவது, அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’. இப்பாடல்கள் முதலில் காதுக்கு உரியவை. எழுத்தறியாத குழந்தையும் நான்கு முறை கேட்டால் மனப்பாடமாகிவிடும். மனப்பாடமான பாட்டை ஏட்டில் காணும்போது, எழுத்துகள் தாமாகவே அடையாளம் தெரியும்.

மூன்றாவது, ‘இரும்புக்கை மாயாவி’. சித்திரக்கதை என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு இது. இங்கிலாந்துக் கதையொன்றின் தமிழாக்கம். மின்சாரம் பாய்ந்தவுடன் மாயாவியின் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும். தமிழ்நாட்டில் எத்தனையோ சிறுவர்கள் சரளமாகப் படிக்கப் பழகியது இவ்வகைக் கதைகளால்தான். படம் பாதி சொல்லிவிடுகிறது, வாக்கியம் சிறியது, அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியாது. பத்து வயதுப் பையனுக்கு இதில் கிடைக்கும் பயிற்சியை இலக்கணப் புத்தகம் தராது.

நான்காவது, ‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயநாகி 1981-இல் வெளியிட்ட நூல். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. குறும்பு தாங்காமல் ஒரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறையாக உள்ள இன்னொரு பள்ளியில் சேர்கிறாள். முதல் நாளில் தலைமையாசிரியர் அவள் பேசுவதை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் இதைச் சிரித்துக்கொண்டே படிப்பார்கள். பெற்றோர் படித்தால், தம் குழந்தை பேசுவதைக் கடைசியாக எப்போது முழுவதும் கேட்டோம் என்று யோசிப்பார்கள்.

ஐந்தாவது, யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. சாகித்திய அக்காதெமியின் பால சாகித்திய புரஸ்காரத்தை 2020-இல் பெற்றது. தகாத முறையில் தொடுபவரிடமிருந்து குழந்தை தன்னைக் காத்துக்கொள்வதைப் பற்றிய கதை. சொல்ல நா எழாத விஷயத்தை ஒரு மரப்பாச்சிப் பொம்மை எளிதாகச் சொல்லிவிடுகிறது. பெரியவர்கள் முதலில் படித்துவிட்டுப் பிறகு குழந்தையுடன் சேர்ந்து படிப்பது நல்லது.

ஆறாவது, கல்கியின் ‘பார்த்திபன் கனவு’. பத்திரிகையில் தொடராக வந்த கதையாதலால், அத்தியாயங்கள் ஆவலைத் தூண்டும் இடத்தில் நிற்கின்றன. இரவு உணவுக்குப்பின் நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் உரக்க வாசியுங்கள். அத்தியாயம் முடிந்ததும், எவ்வளவு கெஞ்சினாலும் புத்தகத்தை மூடிவிடுங்கள். ஆனால் பூட்டி வைக்காதீர்கள். மறுநாள் பகலில் பிள்ளை தானே அதை எடுத்து எழுத்துக் கூட்டுவது தெரிந்தால், தெரியாததுபோல் இருந்துவிடுங்கள்.

எஞ்சிய நான்கும் பெரியவர்களுக்கு. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வெளிவந்தது. தெலுங்கு நாட்டைவிட்டுத் தெற்கே வந்து கரிசல் மண்ணில் காடு திருத்திக் குடியேறியவர்களின் கதை. நூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருத்தி, தாங்கள் ஏன் புறப்பட்டோம், எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்லிக்கொண்டே போகிறாள். வடக்கே வந்து குடியேறிய நாம், தெற்கே சென்று குடியேறியவர்களின் கதையைப் படிக்கும்போது நெஞ்சில் ஏதோ தட்டும். நம் குடும்பம் தில்லிக்கு வந்த கதையை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நூலை மூடியபின் அதையும் சொல்லத் தொடங்கலாம்.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நமக்கு இன்னும் நெருங்கியது. செகந்திராபாத்தில் ரயில்வேக் குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். கிரிக்கெட்டும் கல்லூரியுமாக நாட்கள் கழிகின்றன. சுற்றிலும் பல மொழி பேசும் அண்டை வீட்டார். 1947-48-இல் நிஜாம் சமஸ்தானத்தின் கொந்தளிப்பு அந்தச் சிறு வாழ்வுக்குள் மெல்ல நுழைகிறது. அயலூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எது சொந்த ஊர் என்ற கேள்வி படிப்பவர் மனத்தில் தானே எழும். பதினாறு வயதைத் தாண்டிய நம் பிள்ளைகள் தங்களையே இதில் காண்பார்கள்.

தில்லியையே தமிழில் காண விரும்புவோர்க்கு ஆதவனின் ‘காகித மலர்கள்’. தலைநகரத்து உயர் அதிகாரி ஒருவரின் குடும்பத்தை வைத்து, நாம் வெளியே அணியும் முகங்களை இரக்கமின்றிக் காட்டுகிறது. ஆதவன் இவ்வூரில் வாழ்ந்தவர். நேஷனல் புக் டிரஸ்டில் பணிபுரிந்தவர்.

இறுதியாக, உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. பெரிய நூலாயிற்றே என்று அஞ்ச வேண்டாம். சேலம் இராமசுவாமி முதலியார், “சிந்தாமணி படித்ததுண்டா?” என்ற கருத்தில் கேட்ட ஒரு கேள்வி, ஐயரவர்களை ஏடு தேடும் வாழ்வில் செலுத்திய பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. மற்ற பகுதிகளைப் படிக்க யாரும் பிறகு தூண்ட வேண்டியிராது.

எழுத்தே தெரியாத பிள்ளையை என்ன செய்வது? 1923-இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று பக்கத்து லட்சுமிபாய் நகரில் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்களுக்கு ஹிந்தியே துணையாகும். 247 எழுத்து என்று மிரட்டாதீர்கள். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, சில குறிகள் என்று சொல்லுங்கள். ஹிந்தியில் நான்கு ககரம் உண்டு, தமிழில் ஒன்றே. ‘கல்’, ‘பக்கம்’ என்னும்போது அது வலிக்கும். ‘மகன்’, ‘தங்கம்’ என்னும்போது மெலியும். இந்த இரகசியத்தை நான்கு சொற்களால் காட்டிவிட்டால், தேவநாகரி அறிந்த பிள்ளைக்குப் பாதி வழி கடந்தாயிற்று.

பத்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டுமென்பதில்லை. இராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட் வசந்த குஞ்சில் இருக்கிறது. பிரகதி மைதானத்து உலகப் புத்தகக் கண்காட்சியையும் தவறவிட வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்குச் செல்பவர்கள், திரும்பும்போது அப்பளத்துக்கும் வடகத்துக்கும் பெட்டியில் இடம் ஒதுக்குவதுபோல் இரண்டு புத்தகத்துக்கும் இடம் ஒதுக்கலாம்.

படித்து முடித்த பிள்ளையிடம், “இதிலிருந்து என்ன நீதி தெரிந்துகொண்டாய்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “மாயாவி தப்பித்தானா?” என்று கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தட்டைப் பாருங்கள். எந்தப் புத்தகத்தின் அட்டை மடங்கி, ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்திருக்கிறதோ, அதன் பெயரை நமக்கு எழுதுங்கள். அடுத்த பட்டியலை அதைக் கொண்டே அமைப்போம்.