சுண்ணாம்புக்கு அடியில்

நள்ளிரவில் தொப்பென்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், என் மகள் தலைவைத்துப் படுக்கும் இடத்தில் சிமென்ட் கட்டி கிடக்கிறது. காய்ச்சல் என்று அன்றைக்கு அவளை என் பக்கத்தில் போட்டுக்கொண்டதால் பிழைத்தாள். அண்ணாந்து பார்த்தேன். பூச்சு விழுந்த பள்ளத்தில் துருவேறி உப்பிய கம்பி. நாற்காலி போட்டு ஏறித் தொட்டேன், செதில் செதிலாகக் கையோடு வந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் அந்தப் போர்ஷனில் நான்கு வருடம் இருந்தோம். விடிந்ததும் வீட்டுக்காரரிடம் ஓடினேன். “மழைக்காலம்னா அப்படித்தான்மா. பிடிக்கலைன்னா காலி பண்ணிக்குங்க.” என் பிள்ளையின் மண்டை உடைந்திருக்கும் ஐயா, பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்றா கேட்பது?

காலி செய்தோம். பத்து மாத அட்வான்ஸில் ஆறு மாதக் காசுதான் கைக்கு வந்தது. மீதிக்கு ஒரு துண்டுச்சீட்டு: வெள்ளையடிக்க, குழாய் மாற்ற, வயரிங் பார்க்க. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இந்த மூன்று செலவையும் வீட்டு உரிமையாளர் தலையில்தான் வைக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் இருவரும் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அது செல்லும். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவள் எதில்தான் கையெழுத்துப் போடமாட்டாள்? ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதியலாமா என்று கேட்டதற்கு, “அப்போ வேற வீடு பாருங்க” என்றார் வீட்டுக்காரர். அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம்கூட எங்களை எட்டவில்லை. சப் மீட்டரில் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்.

டீக்கடை வைக்க மாநகராட்சி உரிமம் வேண்டும். குடும்பத்தையே உள்ளே வைத்துக் காசு வாங்கும் வீட்டுக்கு ஏன் வேண்டாம்? லண்டனில் நியூஹாம் என்ற பகுதியில் 2013-லேயே, வாடகைக்கு விடும் உரிமையாளர் உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியாகி வருடங்கள் ஓடிவிட்டன. வீட்டு வரி வாங்கத் தெரிகிறதே, தளம் தாங்குமா, வயரிங் சரியா என்று ஒருமுறை வந்து பார்க்கக் கூடாதா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய பக்கத்து முடிச்சூரில், தரைத்தளத்துக்குக் குடிவருகிறவர்களிடம் அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று யார் சொல்கிறார்கள்? வாடகையை நம்பியே சாப்பிடும் வயதானவர்களும் வீட்டுக்காரர்களில் உண்டு, தெரியும். அவர்களிடம் நான் அரண்மனை கேட்கவில்லை. தலையில் விழாத கூரை கேட்கிறேன்.

விட்டுப்போன கேஸ் அடுப்பை எடுக்கப் போன வாரம் அங்கே போனேன். வாசலில் ‘டு லெட்’ பலகை. உள்ளே அந்தப் பள்ளத்தில் சிமென்டை அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். ஒரு சின்னக் கம்பியைக்கூட மாற்றவில்லை. வீடு பார்க்க ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். “தொட்டிலை இங்கே கட்டிக்கலாங்க” என்று கணவனிடம் காட்டினாள், சரியாக அந்த இடத்துக்குக் கீழே நின்று.