முதுகைப் பார்த்து விலை பேசலாமா?

சாங்வி டீக்கடை பெஞ்சுகளில் கிரிக்கெட் பேச்சுக்கு என்றுமே பஞ்சம் இல்லை. பிம்பிரி, சிஞ்ச்வட் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடிந்து திரும்பும் தமிழர்களும், ஆபீஸ் குமாஸ்தாக்களும் அங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். பிழைக்க வந்த ஊரின் அணி மும்பை. பிறந்த மண்ணின் அணி சென்னை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கட்சி கலைந்து எல்லோரும் ஒன்றாகத் தலையைச் சொறிவார்கள். உடம்பில் பழுது உள்ள ஒரு பெரிய ஆட்டக்காரரைக் கோடிக்கணக்கில் கொட்டி வாங்குவது சாமர்த்தியமா, சூதாட்டமா?

ஐ.பி.எல். போட்டியில் ஆட்டக்காரர்கள் ஏலத்தில் மட்டும் கை மாறுவதில்லை. ஏலத்துக்கு வெளியே இரு அணிகள் தமக்குள் பேசி, ஆளுக்கு ஆள் மாற்றிக் கொள்ளலாம். அல்லது ரொக்கம் கொடுத்து வாங்கிக் கொள்ளலாம். 2025 நவம்பரில் சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது இந்த வழியில்தான். இந்த வியாபாரத்தில் மிகவும் பேசப்பட்ட பேரம், 2023 நவம்பரில் மும்பை அணி ஹர்திக் பாண்டியாவைக் குஜராத் அணியிடமிருந்து திரும்ப வாங்கியதாகும்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதன் அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தொகை தெரியாது. பாண்டியாவின் பேரமும் அப்படித்தான் நடந்தது. அவருடைய சம்பளம் 15 கோடி ரூபாய் என்று வெளியே சொன்னார்கள். மாற்றித் தர குஜராத் பெற்ற தொகை எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை. ஆனால் மாட்டின் பழுது மட்டும் ஊர் முழுவதும் தெரிந்ததாக இருந்தது.

முதுகு வந்த கதை

2015-ல் வெறும் 10 லட்ச ரூபாய்க்கு மும்பை அணிக்கு வந்தவர் பாண்டியா. மட்டையாலும் பந்தாலும் ஆட்டத்தைத் திருப்பக் கூடியவர் என்று சீக்கிரமே பெயர் எடுத்தார். 2018 செப்டம்பரில் துபாயில், பாகிஸ்தானுக்கு எதிரான ஆசியக் கோப்பை ஆட்டத்தில், பந்து வீசிக்கொண்டிருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். ஸ்டிரெச்சரில் தூக்கிச் சென்றார்கள். 2019 அக்டோபரில் லண்டனில் கீழ் முதுகில் ஆபரேஷன் நடந்தது.

வேகமாகப் பந்து வீசுவது முதுகுக்குப் பெரிய சோதனை. பந்தை விடும் கணத்தில் முன்காலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் இறங்குகிறது. அதே கணத்தில் இடுப்பு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் கீழ் முதுகெலும்பில் மயிரிழை போல விரிசல் விடும். ஓய்வு கொடுத்தால் கூடும். அவசரப்பட்டால் மறுபடியும் விடும். பும்ராவுக்கு 2019-ல் வந்த உபாதை 2022-ல் திரும்பி வந்து, 2023-ல் ஆபரேஷன் வரை கொண்டு போனதை எல்லோரும் அறிவார்கள்.

ஆபரேஷனுக்குப் பின் 2020, 2021 ஆகிய இரண்டு ஐ.பி.எல். ஆண்டுகளிலும் பாண்டியா ஒரு பந்துகூட வீசவில்லை. பாதி ஆள்தான் மிஞ்சினார் என்று மும்பை கணக்குப் போட்டது. 2022-க்கு ரோகித், பும்ரா, சூர்யகுமார், பொல்லார்டு ஆகிய நால்வரை வைத்துக்கொண்டு அவரை விட்டுவிட்டது.

புதிதாகப் பிறந்த குஜராத் அணி 15 கோடி கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. பலர் சிரித்தார்கள். ஆனால் குஜராத்தார் முதுகை மட்டும் பார்க்கவில்லை. அந்த முதுகுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று பார்த்தார்கள். கேப்டன் பொறுப்பைக் கொடுத்தார்கள். மட்டை பிடிக்க மேல் வரிசையில் அனுப்பினார்கள். உடம்பு இடம் கொடுத்த அளவுக்குப் பந்து வீசச் சொன்னார்கள். அந்த ஆண்டு அவர் 487 ரன் எடுத்தார். இறுதி ஆட்டத்தில் 17 ரன் கொடுத்து 3 விக்கெட் வீழ்த்தினார். முதல் வருஷமே கோப்பை கிடைத்தது. மறு ஆண்டும் இறுதி ஆட்டம் வரை வந்து, சென்னை அணியிடம் கடைசிப் பந்தில்தான் தோற்றார்கள்.

எண்ணாத இடத்தில் விழுந்த அடி

இந்தக் கதையின் அடுத்த கட்டம் சாங்விக்கு அருகிலேயே நடந்தது. 2023 அக்டோபர் 19-ந் தேதி கஹுஞ்சே மைதானத்தில் வங்காளதேசத்துக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டம். பாண்டியா மூன்று பந்துகள்தான் வீசினார். தன்னை நோக்கி வந்த பந்தைக் காலால் தடுக்கப்போய்க் கணுக்கால் பிசகிக்கொண்டது. மீதி மூன்று பந்துகளைக் கோலி வீச வேண்டி வந்தது. அந்த உலகக் கோப்பையில் பாண்டியா பிறகு ஆடவே இல்லை.

உலகமெல்லாம் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருக்க, அடி விழுந்தது காலில். அடுத்த மாதமே மும்பை அவரை வாங்கியது. டிசம்பரில் ஐந்து கோப்பைகளை வென்று தந்த ரோகித் சர்மாவை இறக்கிவிட்டு அவரைக் கேப்டனாக்கியது.

2024 ஐ.பி.எல். மும்பைக்குப் பெரும் தோல்வியாக முடிந்தது. 14 ஆட்டங்களில் நான்கே வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம். வான்கடே மைதானத்தில் சொந்த ரசிகர்களே கேப்டனைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். ஆனால் தோல்விக்குக் காரணம் முதுகா? இல்லை. முதுகு தாங்கியது. அவர் 14 ஆட்டங்களிலும் ஆடினார், 11 விக்கெட்டும் எடுத்தார். தாங்காதது வீட்டு நிலவரம். வீட்டில் உள்ளவர்களின் மனத்தைத் தயார் செய்யாமல் ஒருவரைக் கொண்டு வந்து தலைவாசலில் உட்கார வைத்ததுதான் கோளாறு.

அதே ஆண்டு ஜூன் 29-ந் தேதி பார்படாசில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 16 ரன் தேவை. பந்து யார் கையில்? இரண்டு ஐ.பி.எல். ஆண்டுகளில் ஒரு பந்துகூட வீசாமல் இருந்த அதே பாண்டியாவின் கையில். இந்தியா 7 ரன்னில் வென்றது. கூச்சல் போட்ட அதே வான்கடே மைதானம் சில நாட்களில் அவரை வாழ்த்திக் கோஷமிட்டது.

நஷ்டக் கணக்கும் உண்டு

இதைக் கொண்டு பழுதுபட்டவர்களை எல்லாம் வாங்கிக் குவிக்கலாம் என்று சொல்ல முடியாது. 2022-ல் அந்த வருஷம் ஆட மாட்டார் என்று தெரிந்தே ஜோப்ரா ஆர்ச்சரை 8 கோடிக்கு இதே மும்பை வாங்கியது. முழங்கை உபாதையோடு இருந்தவருக்குப் பிறகு முதுகிலும் விரிசல் வந்தது. 2023-ல் ஐந்து ஆட்டம், இரண்டு விக்கெட். அவ்வளவுதான் மிஞ்சியது. அமெரிக்கக் கூடைப்பந்தில் பென் சிம்மன்ஸ் என்ற நட்சத்திரத்தை 2022 பிப்ரவரியில் புரூக்ளின் அணி, ஜேம்ஸ் ஹார்டனைக் கொடுத்து மாற்றி வாங்கியது. அந்தப் பருவத்தில் அவர் ஒரு நாள்கூட ஆடவில்லை. முதுகில் இரண்டு ஆபரேஷன் நடந்தது. 2025-ல் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

எனவே வாங்குகிறவன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஆறிய பின் எத்தனை நாள் பாரம் தாங்கிக் காட்டியிருக்கிறார்? பழுதுள்ள அந்த வேலையைக் கழித்துவிட்டால் மீதி உள்ளவரின் மதிப்பு என்ன? அவர் படுத்துவிட்டால் அந்த இடத்துக்கு ஆள் உண்டா? குஜராத் இரண்டாவது கேள்விக்குச் சரியாக விடை கண்டது. புரூக்ளின் முதல் கேள்வியிலேயே தவறியது. 2024-ல் முதுகு ஆபரேஷன் செய்துகொண்ட கேமரூன் கிரீனுக்காக 2025 டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா அணி 25 கோடியே 20 லட்சம் ரூபாய் வரை போனது. அதற்கும் இதே மூன்று கேள்விகள்தான் பொருந்தும்.

மும்பையின் பேரம் மொத்தத்தில் நஷ்டமல்ல. 2025-ல் பாண்டியா தலைமையில் இறுதிக்கு முந்தைய படி வரை அந்த அணி ஏறியது. தவறு வாங்கியதில் இல்லை. முன்பு முதுகை மட்டும் பார்த்து விட்டதிலும், பிறகு ஆளை மட்டும் பார்த்து வாங்கியதிலும் இருக்கிறது.

சாதாரண முதுகுகள்

சாங்வியில் இந்த வாதத்தில் கலந்துகொள்பவர்களில் பலர் சட்டைக்கு உள்ளே இடுப்பில் பெல்ட் கட்டியிருப்பவர்கள். இரும்புத் தட்டு தூக்கியவர், மூட்டை சுமந்தவர், பத்து மணி நேரம் நாற்காலியில் குனிந்தவர் என்று பலரும் அதில் உண்டு. அவர்களுடைய முதுகுக்கு எவரும் மூன்று கேள்வி கேட்பதில்லை. நாளை முதல் வர வேண்டாம் என்ற ஒரே வார்த்தையில் கணக்கு முடிந்துவிடும்.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று விதி இல்லை. ரெயில்வேயில் மருத்துவத் தகுதி குறைந்த ஊழியருக்கு வேறு வேலை தரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கக் கூடாது, பதவி குறைக்கக் கூடாது, அதே சம்பளத்தில் தகுந்த வேறு பணி தர வேண்டும் என்று 2016-ம் ஆண்டுச் சட்டம் அரசு நிறுவனங்களுக்குப் பொதுவாக விதித்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சுமை தூக்குவோருக்காக 1969-லேயே மாத்தாடி சட்டம் வந்தது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளி, ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தாலும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு நோய்க்கால உதவித்தொகை கேட்கலாம். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் இன்றே பார்ப்பது நல்லது. முதுகு பிடித்த பிறகு தேடுவது வெள்ளம் வந்த பின் அணை போடுவது போலாகும்.

தனியார் முதலாளிகள் குஜராத் அணியின் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும். மூட்டை தூக்க முடியாதவர் கணக்கு எழுதலாம். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வந்தவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கலாம். இருபது வருஷ அனுபவம் முதுகெலும்பில் மட்டும் குடியிருப்பதில்லை. பதினைந்து கோடி முதுகுக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு பதினைந்தாயிரம் ரூபாய் முதுகுக்கும் கிடைக்க வேண்டும். அதுதான் நியாயம்.