"அப்ரூவ் ஆயிட்டு சேர்!"

போன கிழமை டவுனில் ஒரு ஷோரூமுக்கு பிரிட்ஜ் பார்க்கப் போனேன். வீட்டில் இருக்கிறது பதினொரு வருஷப் பழசு. நோன்புக்கு முன்னால் புதுசு எடுக்க வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தார். விலை 180,000 ரூபா. என் கையில் இருந்தது 30,000.

"சேர் கவர்மென்ட் டீச்சர்தானே, பிறகு என்ன யோசின? பே ஸ்லிப்பும் ஐடி கொப்பியும் தாங்க" என்றார் அங்கிருந்த தம்பி. போனில் படம் பிடித்து எங்கேயோ அனுப்பினார். எனக்குத் தந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. "அப்ரூவ் ஆயிட்டு சேர்! ரெண்டு டீச்சர்மார் பிணைக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி. அந்தச் சந்தோஷத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

"வட்டி எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன். "மாசம் 2 வீதம்தான் சேர். 24 தவணை, மாசம் 9,250." சின்னத் தொகையாகத்தான் தெரிந்தது. நான் கணித ஆசிரியர். ஓ.எல் வகுப்புக்கு குறைந்து செல்லும் மீதிக் கணக்கைப் பல வருஷமாகப் படிப்பிக்கிறேன். அப்படி இருந்தும் 2019இல் வொஷிங் மெஷின் தவணைக்கு எடுத்தபோது ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடவில்லை. இந்த முறை பில்லின் பின்பக்கத்தில் போட்டேன்.

கடன் 150,000. கட்டும் காசு 24 தரம் 9,250, அதாவது 222,000. வட்டி 72,000. இந்த 2 வீதத்தை முழுக் கடனுக்கும் 24 மாதமும் போட்டிருக்கிறார்கள். ஆனால் நான் மாதா மாதம் முதலில் 6,250 திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறேன். கடைசி மாதம் என்னிடம் இருப்பது வெறும் 6,250. அதற்கும் 150,000க்குரிய வட்டியா?

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையிலேயே போடுங்கள். மாத அலகுகள் 300. ஒரு அலகுக்கு வட்டி 240. 6,250க்கு 240 என்றால் மாதம் 3.84 வீதம், வருஷத்துக்கு 46 வீதம். வங்கிக்காரர் தங்கட முறையில் போட்டால் கொஞ்சம் குறையும், ஆனாலும் 40க்குக் கீழே வராது. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி வங்கிகளின் கடனட்டை வட்டிக்கு வைத்த உச்ச வரம்பே 28 வீதம். அடகுக்கு 18.

ஓ.எல் பேப்பரில் இது 10 மார்க் கணக்கு. எனக்கு 72,000 ரூபாக் கணக்கு.

இப்போது யோசியுங்கள். அந்தத் தம்பி எதை அப்ரூவ் பண்ணினார்? என் நாணயத்தையா? என்னை அவருக்குத் தெரியாது. எனக்கு எத்தனை பிள்ளைகள், வீட்டில் யாருக்கு மருந்து, சம்பளத்தில் ஏற்கெனவே எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று அவர் கேட்கவே இல்லை. அப்ரூவ் ஆனது என் பே ஸ்லிப். மாதா மாதம் தவறாமல் வரும் சம்பளம். அதற்கு மேல் இன்னும் இரண்டு பேருடைய சம்பளம்.

அந்த இரண்டு பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கட ஸ்டாப் ரூமில் ஒரு டீச்சர் கூடப் படிப்பித்தவருக்காகப் பிணை நின்றார். எடுத்தவர் கட்டாரில். கோல் வருவது டீச்சருக்கு. நாளைக்கு அவர் தன் மகளின் படிப்புக்கு வங்கிக்குப் போனால் கிரிப் ரிப்போர்ட்டில் அந்தக் கடனும் சேர்ந்து நிற்கும். "ஒரு கையெழுத்துத்தானே" என்று கேட்டபோது முகத்தை முறிக்க ஏலாமல் போட்ட கையெழுத்து.

"தவணை இல்லாட்டி எங்களப்போல ஆக்கள் எப்படிச் சாமான் எடுக்கிற?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தவணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடனுக்கு விற்கும்போது ஒரே விலையாகப் பேசி முடித்து, அது ரெடிக் காசு விலையை விடக் கூட இருந்தாலும் ஆகும் என்று சொல்லும் உலமாக்கள் இருக்கிறார்கள். பிந்தினால் மேலும் ஏறும் தண்டவட்டி வேறு விஷயம். அந்தத் தீர்ப்பை அவர்களிடமே விடுகிறேன். என் கேள்வி கணக்குக் கேள்வி. மாதத் தவணையைப் பெரிய எழுத்தில் போடுகிற கடை, மொத்தமாகக் கட்டும் தொகையையும் மீதிக்கான வருட வட்டியையும் ஏன் அதே பெரிய எழுத்தில் போடுவதில்லை? மறைக்க ஒன்றும் இல்லையென்றால் போடலாமே. அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் மாசம் டார்கட். இந்தக் கணக்கை அவருக்கும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. பழைய பிரிட்ஜைத் திருத்த 14,000 போனது. மிச்சத்தைக் கொண்டு மனைவி சீட்டொன்றில் சேர்ந்திருக்கிறார். அதே 9,250ஐ 17 மாதம் சேர்த்தால் 150,000 தாண்டிவிடும். கடையில் எடுத்திருந்தால் இன்னும் 7 மாதம் கட்டிக்கொண்டிருப்பேன். திருத்த ஏலாத நிலைமை உள்ளவருக்கு இது விடையில்லை என்று தெரியும். அவராவது முழுக்கணக்கைப் பார்த்துவிட்டு எடுக்கட்டும்.

டீச்சர்மாரே, சேர்மாரே, அடுத்த முறை "அப்ரூவ் ஆயிட்டு" என்று சொன்னால் சிரித்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். மொத்தம் எவ்வளவு? இடையில் முழுதாகக் கட்டினால் எவ்வளவு குறையும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடனை எழுதி வை என்று சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. அதை ஓதுகிற நாம்தான் ஷோரூமில் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.