பிரிட்டோன் தரும் தூக்கம் சுகமல்ல

கடுகண்ணாவையில் மழையும் பனியும் தொடங்கினால் வகுப்பில் தடிமனும் தொடங்கிவிடும். முதற்பாடத்திலேயே மேசையில் தலை சாய்த்துக் கிடக்கும் பிள்ளையிடம் கேட்டால், "ராவு உம்மா பிரிட்டோன் தந்தாங்க சேர்" என்று பதில் வரும். சோம்பேறித்தனம் என்று நானும் பலரை ஏசியிருக்கிறேன்.

பிரிட்டோன் என்பது குளோர்பெனிரமின் எனும் ஒவ்வாமை மருந்து. மூக்கு ஒழுகவும் தோல் அரிக்கவும் காரணமான ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்கவும் உதவுகிறது. இந்தப் பழைய தலைமுறை மருந்து மூளைக்குள்ளும் புகுந்து அதைத் தடுத்துவிடுகிறது. வளர்ந்தவரின் இரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணித்தியாலம் செல்லும். சிறுவர்களில் வேகம் கூட. ஆனாலும் இரவு குடித்தது விடியும்போது முழுதாக இறங்கியிருக்காது. சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதில் அமைதியிழந்து துள்ளுவதும் உண்டு. "மருந்து பிடித்துவிட்டது, நன்றாகத் தூங்குகிறான்" என்று நாம் ஆறுதலடைகிறோம். தடிமன் அப்படியேதான் இருக்கும்.

இம்மருந்துடன் பினைலெப்ரின் சேர்ந்த தடிமன் மருந்துகளை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என 2023 டிசம்பரில் இந்திய அதிகாரிகள் அறிவித்தார்கள். நம் வீடுகளிலோ பாணி மருந்துப் போத்தலை எடுத்து, வயதைப் பாராமல் கரண்டியால் அளந்து ஊற்றுகிறோம்.

எனக்கு இதைவிடப் பயம் நம்மூர் வளைவுகளில் பஸ், லொறி, முச்சக்கரவண்டி ஓட்டுபவர்களை நினைத்துத்தான். அமெரிக்காவின் அயோவாவில் ஒவ்வாமையுள்ள 40 பேரை வாகனம் ஓட்டும் மாதிரி இயந்திரத்தில் அமர்த்திச் சோதித்தார்கள். இதே வகையைச் சேர்ந்த டைபென்ஹைட்ரமின் குடித்தவர்கள், மது அருந்தியவர்களை விட மோசமாக ஓட்டினார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: தூக்கம் வருகிறதா என்று அவர்கள் சொன்னதை வைத்து, எவர் தவறாக ஓட்டுவார் என்று கணிக்க முடியவில்லை. ஆகவே "எனக்கு ஒன்றும் செய்யாது" என்ற சாரதியின் பேச்சை நம்பமுடியாது. புதிய தலைமுறை மருந்தான பெக்சோபெனடின் குடித்தவர்களுக்கோ ஓட்டுவதில் குறை இருக்கவில்லை.

முதியவர்களின் கதை வேறு. ஞாபகத்துக்குத் தேவையான அசற்றைல்கொலினையும் இம்மருந்து மறிக்கிறது. தடுமாற்றம், விழுதல், சிறுநீர் அடைப்பு எல்லாம் வரலாம். 65 வயதைக் கடந்த 3,434 பேரைச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் அவதானித்த வொஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு 2015இல் வந்தது. இவ்வாறு அசற்றைல்கொலினை மறிக்கும் மருந்துகளை நீண்டகாலம், அதிகமாகப் பாவித்தவர்களிடம் மறதிநோய் கூடுதலாகக் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஒரு தடிமனுக்கு இரண்டு குளிசை குடித்தவர் கலங்கத் தேவையில்லை. அரிப்புக்கென்று வருடக்கணக்கில் இரவுதோறும் குடிக்கும் உம்மம்மாவை வைத்தியரிடம் காட்டி, மாற்று மருந்து உண்டா என்று கேட்க வேண்டும்.

ஆனால் குடிப்பது எதுவென்று தெரிந்தால்தானே கேட்கலாம்? எங்கள் வீட்டு அலுமாரியில் இப்போதும் ஒரு மருந்து உறை கிடக்கிறது. உள்ளே சிறிய குளிசைகள் ஆறு; வெளியே "ஒன்று, மூன்று வேளை" என்று மட்டும் பேனையால் எழுதியிருக்கிறது. மருந்தின் பெயரையும் "தூக்கம் வரும், வாகனம் ஓட்ட வேண்டாம்" என்பதையும் சிங்களத்திலும் தமிழிலும் அச்சடிக்க அந்த உறையில் தாராளமாக இடமிருக்கிறது.