முதல் வருகை எது?

ஒருவர் நம் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டால், வாசற்படியில் அவர் கால் வைத்த நேரத்தைச் சொல்வோம். கூடத்தில் உட்கார்ந்து, காப்பி குடித்து, சாவகாசமாகப் பேச ஆரம்பித்த நேரத்தைச் சொல்ல மாட்டோம். குழந்தைக்கும் தெரிந்த இந்த நியாயம், அமெரிக்காவில் பழைய காமிக்ஸ் புத்தகங்களை வாங்கி விற்கிறவர்களுக்கு மட்டும் விளங்கவில்லை. விளங்கினால் நஷ்டம் வரும் என்பதால் விளங்காத மாதிரி இருக்கிறார்கள் என்பது என் கட்சி.

விவகாரம் இதுதான். காமிக்ஸ் சேகரிப்பு என்பது அங்கே பெரிய வியாபாரம். அந்த வியாபாரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட விலை பெறுவது, ஒரு சூப்பர் ஹீரோ முதன்முதலாகத் தோன்றிய புத்தகம். சூப்பர்மேன் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938-ஆம் வருஷத்து ஜூன் மாதத் தேதியுடன் வந்தது. விலை 10 சென்ட். அதன் பிரதி ஒன்று 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஸ்பைடர்மேன் முதலில் தலை நீட்டிய ‘அமேஸிங் ஃபேன்டஸி’ 15-ஆம் இதழ் 1962 ஆகஸ்ட் தேதியிட்டது. 12 சென்ட்டுக்கு விற்றது. 2021-இல் ஒரு பிரதிக்குக் கிடைத்த தொகை 36 லட்சம் டாலர். ஆக, ‘முதல் வருகை’ என்ற இரண்டு சொற்களுக்கு லட்சக்கணக்கில் மதிப்பு உண்டு. அப்படிப்பட்ட சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது? படித்தவர்களிடம் இருக்க வேண்டியது, விற்கிறவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. என் சண்டை அதனோடுதான்.

ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். வுல்வரின் என்ற வீரனைத் திரைப்படத்திலாவது பார்த்திராதவர்கள் குறைவு. குள்ளமான உருவம், மூர்க்கமான குணம், கையிலிருந்து நீளும் நகங்கள். இவன் பிறந்தது ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ என்ற பத்திரிகையில். கதை எழுதியவர் லென் வைன். உடையையும் தோற்றத்தையும் வரைந்து கொடுத்தவர் மூத்த ஜான் ரொமீட்டா. கதைக்குள் அவனை நடமாட விட்ட ஓவியர் ஹெர்ப் ட்ரிம்ப்பி. 1974 அக்டோபர் தேதியிட்ட 180-ஆம் இதழில், கனடாவின் காடுகளில் ஹல்க்கும் வெண்டிகோ என்ற பூதமும் மோதிக்கொள்கின்றன. கடைசிப் பக்கத்துக் கடைசிக் கட்டத்தில் ஒருவன் நடுவே வந்து நிற்கிறான். உடை முழுவதும் தெரிகிறது; நகங்கள் தெரிகின்றன; வாய் திறந்து சவால் விடுகிறான்; தன் பெயரையும் சொல்லிவிடுகிறான். அத்தோடு ‘தொடரும்’. அடுத்த மாதம் 181-ஆம் இதழில் அவன் அட்டையிலேயே பாய்கிறான். இதழ் முழுவதும் சண்டை போடுகிறான்.

இப்போது சொல்லுங்கள்: வுல்வரினின் முதல் வருகை எந்த இதழில்?

சந்தை சொல்கிற பதில் 181. அப்படியானால் 180-இல் வந்தவன் யார்? அதற்கும் விடை வைத்திருக்கிறார்கள். அது ‘கேமியோவாம்’; சும்மா தலைகாட்டல். 181-தான் ‘முதல் முழு வருகை’. 1970 முதல் வந்துகொண்டிருக்கும் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேட்டிலிருந்து, 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய சி.ஜி.சி. என்ற தரம் பார்க்கும் நிறுவனத்தின் சீட்டு வரை இந்தப் பாகுபாடு புழங்குகிறது. 181-இன் விலை, 180-ஐப் போலப் பல மடங்கு. ஒரு மாதம் பிந்திப் பிறந்த தம்பி, அண்ணனின் பிறப்புச் சான்றிதழை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறான்!

தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதைக் கேட்கச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகின்றன. ஒரு பாத்திரத்தை அத்தியாயத்தின் கடைசி வரியில் கொண்டுவந்து நிறுத்துவது எதற்காக? அதைவிடப் பலமான நுழைவு தொடர்கதையில் இல்லை என்பதற்காக. கதவு தட்டப்படுகிறது, கதாநாயகி திறக்கிறாள், வாசலில் நிற்கிறவன் பெயரோடு அத்தியாயம் முடிகிறது. வாசகர் அந்த வாரம் முழுவதும் அவனை மனத்தில் சுமந்துகொண்டு திரிகிறார். பஸ்ஸில் போகும்போது நினைக்கிறார். அடுத்த வீட்டுக்காரரிடம் விவாதிக்கிறார். அடுத்த வாரம் பத்திரிகையைப் பிரிக்கும்போது அவன் அவருக்குப் புதியவனா? 1974-இல் 25 சென்ட் கொடுத்து 180-ஆம் இதழை வாங்கிப் படித்த சிறுவனுக்கும் இதுவே நடந்தது. அவன் 181-ஐத் தேடி ஓடியதே வுல்வரினைச் சந்தித்துவிட்ட காரணத்தால்தான். அவனிடம் போய், “நீ அன்றைக்குப் பார்த்தது கணக்கில் சேராது” என்று சொல்ல இந்த வியாபாரிகளுக்கு என்ன அதிகாரம்?

சரி, ‘முழு வருகை’ என்கிறார்களே, அந்த முழுமையையாவது உரசிப் பார்ப்போம். 181-ஆம் இதழில் வுல்வரினின் முகம் தெரிகிறதா? இல்லை, முகமூடி கழலவில்லை. அந்த முகம் வாசகருக்குத் தெரிந்தது 1976 ஏப்ரல் தேதியிட்ட ‘எக்ஸ்-மென்’ 98-ஆம் இதழில். நகங்கள் கையுறையோடு சேர்ந்தவை அல்ல, அவன் உடம்போடு சேர்ந்தவை என்பதும் அங்கேதான் வெளியாயிற்று. லோகன் என்ற பெயர் வந்தது அதற்கும் அடுத்த ஆண்டில், 103-ஆம் இதழில். முகம் இல்லை, சொந்தப் பெயர் இல்லை, உடம்பின் ரகசியம் இல்லை. ஆனாலும் 181 முழுமையாம். ஒரு பாத்திரம் எந்தப் பக்கத்தில் முழுமையாகிறது என்று அதைப் படைத்தவனே சொல்ல முடியாது. அது மெல்ல மெல்ல வளர்கிற விஷயம். ஆனால் அது எந்தப் பக்கத்தில் ஆரம்பமாயிற்று என்பதை யார் வேண்டுமானாலும் விரல் வைத்துக் காட்டலாம். காட்ட முடிந்ததை விட்டுவிட்டு, காட்ட முடியாததை அளவுகோலாக்கியிருக்கிறார்கள்.

அந்த அளவுகோலையாவது எல்லாருக்கும் ஒரே மாதிரி பிடிக்கிறார்களா என்றால், அதுவும் கிடையாது. வொண்டர் வுமன் முதலில் வந்தது 1941-இன் கடைசியில் வெளியான ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ 8-ஆம் இதழில். அட்டையில் அவள் படம் இல்லை. இதழின் பிற்பகுதியில் ஒரு சிறு கதையில் வந்து போனாள். அட்டையில் கம்பீரமாக அவள் பாய்ந்து வந்தது ‘சென்சேஷன் காமிக்ஸ்’ முதல் இதழில். இங்கே சந்தை, ‘ஆல் ஸ்டார்’ இதழையே முதல் வருகை என்று ஒப்புக்கொள்கிறது. சரியான தீர்ப்பு. அட்டையில் இல்லாததும் இடம் சிறிதாக இருந்ததும் இங்கே குற்றமாகவில்லை.

ஸ்பைடர்மேனின் கறுப்பு உடையைப் பாருங்கள். அந்த உடை அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்ற கதை 1984 டிசம்பர் தேதியிட்ட ‘சீக்ரெட் வார்ஸ்’ 8-ஆம் இதழில் வருகிறது. ஆனால் அந்த உடையோடு அவன் ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 252-ஆம் இதழில் மே மாதமே உலாவத் தொடங்கிவிட்டான். கதைப்படி முந்தியது பின்னால் அச்சாயிற்று. இங்கே சந்தை அச்சான வரிசையைப் பிடித்துக்கொள்கிறது; 252-க்கே முதலிடம்.

கேம்பிட் என்ற வீரனிடம் வந்தால் சட்டம் தலைகீழாகிறது. 1990-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ 14-ஆவது ஆண்டு மலரில் அவன் சில பக்கங்கள் வருகிறான். அந்த மலர் கடைக்கு வந்த பிறகுதான், அவன் அறிமுகமாகும் கதையைக் கொண்ட 266-ஆம் இதழ் வந்தது. ஆனால் கதையின் வரிசைப்படி 266 முந்தியது. இங்கே சந்தை கதை வரிசையைப் பிடித்துக்கொண்டு 266-க்கு மாலை போடுகிறது.

ஒரு வழக்கில் அச்சு வரிசை. இன்னொன்றில் கதை வரிசை. மூன்றாவதில் பக்க எண்ணிக்கை. இந்தத் தீர்ப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விதி உண்டா என்று தேடினால் எனக்கு அகப்படுவது ஒன்றுதான்: எந்தப் புத்தகத்துக்கு முதலில் விலை ஏறிவிட்டதோ, அதுவே முதல் வருகை. அதில் பணம் போட்டுவிட்டவர்கள், பிறகு மனம் மாறச் சம்மதிப்பார்களா?

எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். “ஒரு கட்டத்தை ஒப்புக்கொண்டால் பிறகு நிழலையும் கை விரலையும் ஒப்புக்கொள்ள வேண்டி வருமே” என்பார்கள். கேள்வி நியாயமானது, பதில் சொல்ல வேண்டும். 1986-இல் வந்த ‘வெப் ஆஃப் ஸ்பைடர்மேன்’ 18-ஆம் இதழில், ஏதோ ஒரு கை பீட்டர் பார்க்கரை ரயிலுக்கு முன்னால் தள்ளிவிடுகிறது. 1988-இல் வந்த வெனம் என்ற வில்லனின் கைதான் அது என்று பிற்பாடு தெரிந்தது. இதை வெனமின் முதல் வருகை என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் எளிது. அன்றைக்கு அதைப் படித்த எவருக்கும் ஒரு புதிய ஆள் வந்திருக்கிறான் என்று தெரிய வழியில்லை. சூப்பர்மேனைப் படைத்த ஸீகலும் ஷூஸ்டரும் 1933-இல் அதே பெயரில் வேறொரு கதை வெளியிட்டார்கள். அதில் வருகிறவன் உலகத்தை ஆளப் பார்க்கும் மொட்டைத் தலை வில்லன். பெயர் ஒன்று, ஆள் வேறு. அதுவும் சேராது. அடுத்த இதழில் இன்னார் வருகிறார் என்ற விளம்பரம் சேருமா? கல்யாணப் பத்திரிகை கல்யாணம் ஆகாது.

ஆகவே என் அளவுகோல் இது. கதைக்குள் வந்திருக்க வேண்டும். வந்தவன் இன்னான் என்று அன்றைய வாசகன் அடையாளம் கண்டு, மறுநாள் தன் சிநேகிதனிடம் சொல்லும்படி இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் ஒரு கட்டம் போதும். 180-ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் உருவமும் பெயரும் குரலும் சேர்ந்தே இருக்கின்றன. இன்னும் என்ன வேண்டும்?

“விலை என்பது ஜனங்களின் தீர்ப்பு அல்லவா?” என்றும் கேட்பார்கள். எதை விரும்புகிறோம் என்பதை விலை சொல்லும்; எது முந்தியது என்பதை விலை சொல்லாது. 181-ஐ அதிகம் விரும்புகிறீர்களா? தாராளமாக விரும்புங்கள். அட்டை அழகு, சண்டை பெரிது. ‘வுல்வரின் முதன்முதலாக அட்டையில் வந்த இதழ்’ என்று சீட்டு எழுதி ஒட்டி, இரண்டு மடங்கு விலை வையுங்கள். நான் தடுக்கவில்லை. உங்கள் ஆசைக்குச் சரித்திரத்தைத் திருத்தாதீர்கள் என்பதே நான் கேட்பது.

இந்தத் திருத்தம் வாசகனை எந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று பாருங்கள். 1974-இல் அந்தக் கம்பெனியே தன் புத்தகங்களில் ஒரு சின்ன முத்திரைப் படம் அச்சிட்டு, வெட்டி எடுத்துச் சேர்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிற்று. 181-ஆம் இதழிலும் அது உண்டு. சொன்ன பேச்சைக் கேட்டுக் கத்தரிக்கோலை எடுத்த பிள்ளையின் பிரதி, இன்றைய சந்தையில் ஊனப்பட்ட பிரதி. நல்ல பிரதிகளோ, தரம் பார்த்து எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடப்படுகின்றன. உறையைத் திறந்தால் அந்தத் தரச் சீட்டு செல்லாது. அதாவது, முழு வருகை என்று கொண்டாடுகிற அந்த வருகையை உள்ளே பிரித்துப் பார்க்கவே முடியாது. படிக்க முடியாத புத்தகத்தில் ஒருவன் எத்தனை பக்கம் வந்தால் என்ன?

கடைசியாக, சந்தையைச் சந்தையின் வாயாலேயே மடக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 180-ஆம் இதழின் அந்தக் கடைசிப் பக்கத்தை ட்ரிம்ப்பி தம் கையால் வரைந்த மூலத் தாள், 2014-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. 1983-இல் ஒரு இளம் ரசிகனுக்கு ட்ரிம்ப்பியே பரிசாகக் கொடுத்திருந்த தாள் அது. போன விலை 6,57,250 டாலர். எதற்காக அத்தனை பணம்? அது வுல்வரினின் முதல் தோற்றம் என்பதற்காக! அச்சிட்ட இதழில் வெறும் தலைகாட்டலாக இருந்தது, மூலத் தாளாக வந்தவுடன் முதல் தோற்றமாகிவிட்டது. ஒரே கட்டம், ஒரே வீரன், ஒரே சவால். விற்கிற பொருள் மாறியதும் பிறந்த நாளும் மாறிவிட்டது.

அந்த ஏலத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. வந்த தொகையில் பெரும் பகுதியை, கஷ்ட நிலையில் இருக்கும் காமிக்ஸ் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் உதவுகிற ‘ஹீரோ இனிஷியேட்டிவ்’ என்ற தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுப்பதாக அந்தத் தாளின் சொந்தக்காரர் அறிவித்தார். 1938-இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்த ஸீகலையும் ஷூஸ்டரையும் நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு, அப்படி ஒரு ஸ்தாபனம் ஏன் தேவைப்படுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. பழைய பிரதிகள் லட்சக்கணக்கில் கைமாறுகின்றன; அவற்றை எழுதி வரைந்தவர்களுக்கு அதிலிருந்து காலணா பங்கு கிடையாது. அவர்கள் வீரனை எந்தக் கட்டத்தில் உலகத்துக்குக் காட்டினார்களோ அந்தக் கட்டத்தை முதல் என்று ஒப்புக்கொள்வதற்கு ஒரு சென்ட்கூடச் செலவாகாது. அந்த மரியாதையையாவது அவர்களுக்குச் செய்யலாம். 180-ஆம் இதழை வைத்திருப்பவர்கள் அதைப் பிளாஸ்டிக்கில் அடைக்காமல், கடைசிப் பக்கம்வரை ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும். யார் வந்தது என்று அவர்களுக்கே தெரியும்.